‘அப்பாச்சிப் போர்கள்’: பெயரிலேயே ஒளிந்திருக்கும் தீர்ப்பு

இந்தியப் பல்கலைக்கழகங்களில் அமெரிக்க வரலாறு ஒரு தாளாகக் கற்பிக்கப்படும் இடங்களில் ‘அப்பாச்சிப் போர்கள்’ என்ற தொடர் பெரும்பாலும் கேள்வியின்றிப் புழங்குகிறது. 1861இல் தொடங்கியது, 1886இல் ஜெரோனிமோ சரணடைந்ததோடு முடிந்தது. ஒரு பக்கம் எல்லைப்புறக் குடியேறிகள், மறுபக்கம் அடங்க மறுத்த பழங்குடியினர். இரு தரப்பிலும் கொடுமைகள் நடந்தன; இறுதியில் வலியது வென்றது. தேர்வில் மதிப்பெண் பெற இவ்வளவு போதும். ஆனால் இது வரலாற்றின் சுருக்கம் அன்று. வென்றவர்கள் தமக்குத் தாமே எழுதிக்கொண்ட தீர்ப்பின் சுருக்கம். அந்தத் தீர்ப்பை இன்னொரு கண்டத்தில், காலனியத்தின் சுவடுகளைச் சுமந்து நிற்கும் ஒரு நாட்டின் வகுப்பறையில், அப்படியே ஒப்புவிப்பது அறிவுச் சோம்பல். சற்றுக் கடுமையாகச் சொன்னால், உடந்தை.

‘போர்’ என்ற சொல் எதிரெதிரே நிற்கும் இரண்டு படைகளைக் கற்பனை செய்ய வைக்கிறது. கொலையைச் சண்டையாகவும் கொள்ளையை வெற்றியாகவும் வணிகரின் இலாபத்தைத் தேசத்தின் விதியாகவும் அது மாற்றித் தருகிறது. அரிசோனா, நியூ மெக்சிகோ நிலப்பரப்பில் 19ஆம் நூற்றாண்டில் மெய்யான போர்க்களங்களும் இருந்தன, மறுப்பதற்கில்லை. 1862 ஜூலையில் அப்பாச்சிக் கணவாயில் நடந்தது அப்படிப்பட்ட ஒன்றுதான். ஆயினும் நிலம் கைமாறியதைப் போர்க்களங்கள் தீர்மானிக்கவில்லை. சமாதானம் பேச வந்தவர்களைக் கொன்ற செயல்கள், உச்சந்தலைத் தோலுக்கு அரசு வைத்த விலை, இராணுவத்துக்குத் தீவனமும் இறைச்சியும் விற்றவர்களின் வரவு, 19 நிமிடங்களில் வந்த ஒரு நடுவர் குழுவின் முடிவு, கனிமம் கிடைத்தபோதெல்லாம் சுருங்கிய வரைபடம் ஆகியவையே அதைத் தீர்மானித்தன. ‘போர்’ என்ற ஒற்றைச் சொல் இவை அத்தனையையும் மூடி மறைக்கிறது.

‘அப்பாச்சி’ என்ற பெயரும் அம்மக்களுடையது அன்று. தம்மை அவர்கள் ‘இந்தே’ என்ற சொல்லாலும் அதன் வட்டார வடிவங்களாலும் குறித்துக்கொண்டனர். மக்கள் என்பது அதன் பொருள். ‘அப்பாச்சி’ என்பது அண்டைச் சமூகமான சூனிகளின் மொழியில் எதிரியைக் குறிக்கும் சொல்லிலிருந்து ஸ்பானியர் வழியாக வந்திருக்கலாம் என்பதே பரவலான கருத்து. சிரிகாவா, மெஸ்கலேரோ, ஹிகாரியா, மேற்கு அப்பாச்சி எனப் பல பிரிவுகள்; ஒவ்வொன்றுக்குள்ளும் தனித்தனிக் குழுக்கள். எல்லாருக்குமாகக் கையெழுத்திடும் அதிகாரம் கொண்ட ஒரு தலைவர் அங்கே இருந்ததில்லை. ஒரு குழு செய்த காரியத்துக்கு இன்னொரு குழுவைத் தண்டிப்பதற்கு, இவர்கள் எல்லாரும் ஒரே ‘எதிரி’ என்ற பெயர் முதலில் தேவைப்பட்டது.

பாடநூல்களின் தொடக்க ஆண்டைப் பார்க்கலாம். 1861 ஜனவரி இறுதியில் ஜான் வார்டு என்பவரின் பண்ணை தாக்கப்பட்டது. கால்நடைகளும், அவர் வளர்த்து வந்த ஃபீலிக்ஸ் என்ற சிறுவனும் கொண்டு செல்லப்பட்டனர். பழி சிரிகாவாத் தலைவர் கோச்சீஸ் மீது விழுந்தது. பேச்சுக்கு வந்த கோச்சீஸைக் கூடாரத்திலேயே சிறைபிடிக்க முயன்றார் ஜார்ஜ் பாஸ்கம் என்ற இளம் அதிகாரி. கோச்சீஸ் கூடாரத்துணியைக் கத்தியால் கிழித்துத் தப்பினார். உடன் வந்த உறவினர்கள் சிக்கினர். அவரும் பிணையாளிகளைப் பிடித்தார், பேரம் முறிந்தது, அந்தப் பிணையாளிகள் கொல்லப்பட்டனர். பதிலுக்கு இராணுவம் கோச்சீஸின் சகோதரர் உட்பட ஆறு அப்பாச்சி ஆண்களைத் தூக்கிலிட்டது. சிறுவனைக் கொண்டு சென்றது கோச்சீஸின் குழுவே அன்று. மேற்கு அப்பாச்சிகளிடையே வளர்ந்த அவன், பின்னாளில் மிக்கி ஃப்ரீ என்ற பெயரில் அமெரிக்க இராணுவத்துக்கே மொழிபெயர்ப்பாளனாகவும் வேவு வீரனாகவும் பணிபுரிந்தான்.

கதை உண்மை. ஆனால் இதை முதற்புள்ளியாக வைப்பவர்கள் நுட்பமாக ஒரு காரியம் செய்கிறார்கள். அனுபவமற்ற ஓர் அதிகாரியின் தவறு, ஒரு பிழையான புரிதல், அதனால் மூண்ட கால் நூற்றாண்டுத் துயரம் என்று கதை மாறிவிடுகிறது. தவறுகள் மன்னிக்கத்தக்கவை; கொள்கைகள் விசாரிக்கத்தக்கவை. தொடக்கத்தைத் தவறாக எழுதிவிட்டால் கொள்கையை யாரும் விசாரிக்க மாட்டார்கள்.

கொள்கையின் வரலாறு 1861க்கு வெகுகாலம் முன்பே தொடங்குகிறது. 1786இல் நியூ ஸ்பெயினின் அரசப் பிரதிநிதி பெர்னார்தோ தெ கால்வெஸ் ஓர் ஆணை பிறப்பித்தார். எதிர்ப்பவர்கள் மீது ஓயாத தாக்குதல். சமாதானத்துக்கு வருபவர்களுக்கு உணவுப் பங்கீடு, மது, தரம் குறைந்த துப்பாக்கி. அவர்களைச் சார்ந்து வாழ்பவர்களாக ஆக்குவதே நோக்கம் என்பதை அந்த ஆணை ஒளிக்கவில்லை. அதே ஆட்சிதான் பிடிபட்ட அப்பாச்சிகளைச் சங்கிலியிட்டு ஹவானாவுக்கும் அனுப்பியது. அறத்தின் பெயரால் யாரும் அந்த ஆணையைப் போற்ற முடியாது. ஆனாலும் ஹானோஸ் போன்ற கோட்டைகளைச் சுற்றி நடந்த உணவுப் பங்கீடு, முழுமையற்றதெனினும் ஓர் அமைதியைச் சுமார் நாற்பது ஆண்டுகள் தாங்கி நின்றது. மெக்சிகோ விடுதலை பெற்றபின் கருவூலம் வறண்டது. 1831 வாக்கில் பங்கீடு நின்றது. கால்நடைக் கவர்தல் மீண்டும் பெருகியது. அப்பாச்சிகளின் வன்முறை அவர்களது இரத்தத்தில் ஊறியது என்போர் இந்த நாற்பது ஆண்டுகளுக்கு விளக்கம் சொல்லியாக வேண்டும். ஒரு கருவூலக் கணக்கைப் பொறுத்து ஏறி இறங்கும் ஒன்றை இயற்கைக் குணம் என்று எப்படி அழைப்பது?

பங்கீடு நின்ற இடத்தில் வெகுமதி வந்தது. 1835இல் சொனோரா மாநிலம் அப்பாச்சிகளின் உச்சந்தலைத் தோலுக்குப் பணம் அறிவித்தது, சிவாவா பின்தொடர்ந்தது. 1849இல் சிவாவா இயற்றிய சட்டம் கொல்லப்பட்ட ஒரு வீரனுக்கு 200 பேசோ என விலை வைத்தது. வெட்டியெடுத்த கருங்கூந்தல் எந்த இனத்தாருடையது என்று கருவூல எழுத்தரால் கண்டறிய முடியாது. ஜான் கிளாண்டன் என்பவரின் கூலிக் கும்பல் அமைதியாக வாழ்ந்த பழங்குடியினரையும் மெக்சிகோ நாட்டு மக்களையுமே கொன்று தோலை விற்றதாகக் குற்றஞ்சாட்டப்பட்டது. வெகுமதி கொடுத்த அரசே பின்னர் அவர்களுக்கு எதிராகத் திரும்பியது. இதை எந்தப் போர் நூலின் எந்த அத்தியாயத்தில் வைப்பது? இது சந்தை. விற்பவரும் வாங்குபவரும் விலைப்பட்டியலும் உள்ள சந்தை.

பிறகு எல்லைக்கோடு நகர்ந்தது. 1848இன் குவாதலூப் இதால்கோ உடன்படிக்கையும், 1853இல் கையெழுத்தாகி மறு ஆண்டு ஒப்புதல் பெற்ற காட்ஸ்டன் கொள்முதலும் இந்த நிலத்தை மெக்சிகோவிடமிருந்து அமெரிக்காவுக்கு மாற்றின. கொள்முதலின் விலை ஒரு கோடி டாலர். அங்கு வாழ்ந்தவர்களிடம் யாரும் கேட்கவில்லை. தாம் விற்காத நிலத்தைத் தமக்குத் தெரியாமலே இருவர் விற்று வாங்கியபின், அதே நிலத்தில் தாம் ‘அத்துமீறி நுழைவோர்’ ஆகிவிட்டதை அப்பாச்சிகள் துப்பாக்கி முனையில்தான் அறிந்துகொண்டனர். ‘குடியேறி’ என்ற சொல்லின் சாந்தத்தை இங்கே நிறுத்திவைத்துப் பார்க்க வேண்டும். காலியான இடத்தில் ஒருவர் குடியேறலாம். குடியிருப்பவரை அகற்றிவிட்டுக் குடியேறுவதற்கு வேறு சொல் வேண்டும்.

போருக்கென்று சில நெறிகள் உண்டு. அவற்றுள் முதலாவது, சமாதானம் பேச வருபவரைத் தொடக்கூடாது என்பது. 1863 ஜனவரியில் முதிய தலைவர் மங்காஸ் கொலராடாஸ் வெள்ளைக்கொடியை நம்பி வந்து பிடிபட்டார். மெக்லேன் கோட்டையில் இரவுக் காவலர்கள் பழுக்கக் காய்ச்சிய துப்பாக்கிமுனைக் கத்திகளால் அவரது பாதங்களைச் சுட்டனர். அவர் எழுந்தபோது சுட்டுக் கொன்றனர். தப்பியோட முயன்றார் என்று அறிக்கை எழுதப்பட்டது. இப்படிப்பட்ட அறிக்கைகளின் நடை இந்திய வாசகருக்குப் பழக்கமானதே. பின்னர் தலை துண்டிக்கப்பட்டு, வேகவைக்கப்பட்டு, மண்டையோடு கிழக்கே ஆர்சன் ஃபௌலர் என்ற மண்டையோட்டியல் வல்லுநரிடம் போய்ச் சேர்ந்தது. அவர் அதை அளந்து நூலிலும் எழுதினார். கல்வியாளர்கள் இந்த இடத்தை வேகமாகக் கடந்துவிடக் கூடாது. கொலைக்குப் பின் சடலத்தைப் பெற்றுக்கொண்டது அறிவுத்துறை.

இனி 1871 ஏப்ரல் 30. ‘அப்பாச்சிப் போர்கள்’ என்ற பெயர் முற்றிலுமாக உடைந்து விழும் நாள் அது.

அவ்வாண்டு பிப்ரவரியில் ஐந்து மூதாட்டிகள் கேம்ப் கிராண்ட் என்ற இராணுவ முகாமுக்கு வந்தனர். பறிகொடுத்த ஒரு பிள்ளையைத் தேடியே வந்தார்கள். முகாமின் பொறுப்பாளர் லெப்டினன்ட் ராயல் விட்மன் அவர்களைப் பரிவுடன் நடத்தினார். தொடர்ந்து எஸ்கிமின்சின் என்ற தலைவரும் அவருடைய மக்களும் வந்தனர். வசந்த காலத்துக்குள் ஏறத்தாழ 500 பேர். அரவாய்ப்பா ஓடைக்கரையில் வாழ்வதும் பயிரிடுவதும் தங்கள் மரபு, அங்கேயே இருக்க விடுங்கள் என்பதே அவர்களது கோரிக்கை. உடன்படிக்கை செய்யும் அதிகாரம் தமக்கு இல்லை என்று சொன்ன விட்மன், மேலிடத்துக்கு எழுதிவிட்டு அவர்களைத் தங்க வைத்தார். முகாமின் குதிரைகளுக்குப் புல் அறுத்துத் தரும் வேலையும் கொடுத்தார். பவுண்டுக்கு ஒரு சென்ட் கூலி. பெண்களும் குழந்தைகளும் சுமந்து வந்து சேர்த்த புல், ஏறத்தாழ 3,00,000 பவுண்டு.

இந்தப் புல்லின் கணக்கை மாணவர்கள் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். அன்றைய அரிசோனாவின் மிகப்பெரிய வாடிக்கையாளர் அமெரிக்க இராணுவம். தீவனம், தானியம், இறைச்சி, சரக்குப் போக்குவரத்து அனைத்தும் ஒப்பந்தம் மூலம் டூசான் வணிகர்களின் கைக்குப் போயின. அமைதி வந்தால் படைகள் வெளியேறும்; படைகள் வெளியேறினால் டாலரும் வெளியேறும். அப்பாச்சிகள் தாங்களே புல் விற்கத் தொடங்கினால் ஒப்பந்தக்காரருக்கு என்ன வேலை? இலாபம் மட்டுமே காரணம் என்று வாதிட வேண்டியதில்லை. கொள்ளைகளில் உறவினரை இழந்தவர்களின் கோபமும் அங்கே இருந்தது. ஆனால் அந்தக் கோபம் எங்கே பாய்ந்தது என்று பார்க்க வேண்டும். மலைகளில் நடமாடிய ஆயுதமேந்திய குழுக்களை அது தேடிப் போகவில்லை. ஆயுதத்தைக் கீழே வைத்துவிட்டுப் புல் அறுத்துக்கொண்டிருந்தவர்களைத் தேடிப் போனது.

வில்லியம் ஊரி, ஹெசூஸ் மரியா எலியாஸ் ஆகியோர் ஆள் திரட்டினர். ஆங்கிலோ அமெரிக்கர் 6 பேர், மெக்சிகோ வம்சாவளியினர் 48 பேர், டொஹோனோ ஓதாம் பழங்குடியினர் தொண்ணூற்றுச் சொச்சம் பேர். துப்பாக்கிகளையும் தோட்டாக்களையும் கொடுத்து உதவியவர் சாமுவேல் ஹியூஸ். அரிசோனா பிரதேச மக்கள் படையின் தலைமை அலுவலர். விடிவதற்கு முன் ஓடைக்கரைக் குடில்களில் உறங்கியவர்கள் தடிகளால் அடித்துக் கொல்லப்பட்டனர். ஓடியவர்களை மேட்டில் நின்றவர்கள் சுட்டனர். எச்சரிக்கைச் செய்தி முகாமை அடைந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவர்களுள் வயதுவந்த ஆண்கள் 8 பேர் மட்டுமே. ஏனையோர் பெண்களும் குழந்தைகளும். சுமார் 30 குழந்தைகள் கொண்டு செல்லப்பட்டனர். பலர் சொனோராவில் விற்கப்பட்டனர். தாக்கியவர்கள் தரப்பில் ஓர் உயிர்கூடப் போகவில்லை. ஒரு தரப்பு உறங்கிக்கொண்டிருந்த நிகழ்வை எந்த அகராதி போர் என்று சொல்லும்?

குடியரசுத் தலைவர் கிராண்ட் இதைக் கொலை என்றே கருதினார். வழக்கு நடக்காவிட்டால் இராணுவச் சட்டம் அமலாகும் என்ற எச்சரிக்கையும் போனது. 1871 டிசம்பரில் டூசானில் சிட்னி டிலாங் உள்ளிட்ட நூறு பேர் மீது வழக்கு நடந்தது. ஐந்து நாள் விசாரணை; 19 நிமிட ஆலோசனை; அனைவரும் விடுதலை. டிலாங் 1872இல் டூசான் நகர மேயரானார். ஹியூஸ் பெயரால் ஒரு பள்ளியும் குடியிருப்புப் பகுதியும் அந்நகரில் இன்றும் இருக்கின்றன. நடந்ததை நடந்தபடி எழுதிய விட்மன் மீது அவதூறுகள் குவிந்தன. அவர் இராணுவ நீதிமன்ற நடவடிக்கைகளுக்கு உள்ளாக்கப்பட்டார்.

ஆய்வு மாணவர்களுக்கு மிக முக்கியமான செய்தி இதற்குப் பிறகுதான் வருகிறது. 1884இல் அரிசோனா முன்னோடிகள் சங்கம் தோன்றியது. அதன் நிறுவனர்களுள் ஒருவர் ஊரி. மறு ஆண்டு அதே சங்கத்தின் மேடையில் நின்று, கேம்ப் கிராண்ட் நிகழ்வை நாணமின்றிப் பெருமையுடன் விவரித்தார். அந்தச் சங்கமே வளர்ந்து இன்றைய அரிசோனா வரலாற்றுக் கழகம் ஆனது. ஆவணங்களைச் சேகரித்தவர்கள், எதை நினைவில் வைப்பது என்று முடிவெடுத்தவர்கள், யாரை ‘முன்னோடி’ என்று அழைப்பது என்று வகுத்தவர்கள் ஆகியோரில் கொலையாளிகளும் இருந்தார்கள். அந்தக் காப்பகத்திலிருந்து எழும் ‘நடுநிலை’ வரலாறு எத்தகைய நடுநிலையாக இருக்க முடியும்? ஆவணத்தை மறுக்க வேண்டியதில்லை. ஊரியின் உரையே அவருக்கு எதிரான முதல் சாட்சி. ஆவணத்தை எவர், எதற்காக உண்டாக்கினார் என்று கேட்காமல் மேற்கோள் காட்டுவதுதான் பிழை.

எதிர்வாதம் ஒன்று உண்டு, வலுவானது. அப்பாச்சிகளும் கொன்றார்கள். சொனோராவின் பல கிராமங்கள் அவர்களது தாக்குதல்களால் வெறிச்சோடின. ஓதாம் மக்கள் தலைமுறை தலைமுறையாக அவர்களிடம் இழந்தவர்கள். 1871இல் தடியேந்தி வந்த ஓதாம்களை வெறும் கைக்கூலிகள் என்று ஒதுக்கிவிட முடியாது. இவையனைத்தும் உண்மை. இவற்றை மறைத்து எழுதும் ‘முற்போக்கு’ வரலாறும் பொய்யே. கார்ல் ஜேக்கபி 2008இல் வெளியிட்ட நூல் இந்த ஒரே நிகழ்வை ஓதாம், மெக்சிகோ வம்சாவளியினர், ஆங்கிலோ அமெரிக்கர், அப்பாச்சி ஆகிய நான்கு சமூகங்களின் வரலாறுகளாகத் தனித்தனியே எழுதிக் காட்டியிருக்கிறது. அத்தகைய உழைப்பு மதிக்கத்தக்கது.

ஆனால் ‘இரு தரப்பிலும் வன்முறை’ என்ற வாக்கியம் அந்த உழைப்பின் முடிவாக வருவதில்லை; அந்த உழைப்பைத் தவிர்க்கவே வருகிறது. வன்முறை இரு பக்கமும் இருந்தது என்பதால் இரண்டும் ஒரே வகை ஆகிவிடாது. மேற்கு அப்பாச்சிகளே கால்நடை கவரச் செல்வதையும், கொல்லப்பட்ட உறவினருக்காகப் பழிதீர்க்கச் செல்வதையும் வேறு வேறாகப் பிரித்து அறிந்திருந்தனர். இரண்டுக்கும் எல்லை இருந்தது. ஒரு மக்களினத்தையே அந்த நிலத்திலிருந்து துடைத்தெடுக்கும் திட்டம் அவற்றில் இல்லை. மறுபக்கமோ, 1862இல் ஜெனரல் கார்ல்டன் கிட் கார்சனுக்குப் பிறப்பித்த ஆணை மெஸ்கலேரோ ஆண்களைக் கண்ட இடத்தில் கொல்லச் சொன்னது. பேச்சுவார்த்தைக்கு இடமில்லை என்பதையும் எழுத்தில் வைத்தது. கூட்டாளிகளின் கதி என்ன ஆயிற்று என்பதையும் பார்க்க வேண்டும். ஓதாம்களின் உறவினரான கிலா நதிக்கரைப் பயிர்த்தொழிலாளர்கள், மேலே குடியேறியவர்கள் ஆற்றுநீரைத் திருப்பிவிட்டதால் 19ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் பஞ்சத்தில் வீழ்ந்தனர். அப்பாச்சியின் எதிரியாக இருந்தது அவர்களுடைய நீரைக் காக்கவில்லை. இரு தரப்பு என்ற தராசில் இந்த மூன்றாவது உண்மைக்குத் தட்டே கிடையாது.

1871 என்ற ஆண்டு இந்திய வாசகருக்கு வேறொன்றையும் நினைவூட்ட வேண்டும். டூசானில் குற்றவாளிகள் விடுதலையாவதற்கு இரண்டு மாதங்கள் முன்பு, அக்டோபர் 12 அன்று, பிரித்தானிய இந்தியாவில் குற்றப் பழங்குடியினர் சட்டம் இயற்றப்பட்டது. ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்தது என்று சொல்ல இடமில்லை. ஆனால் தருக்கம் ஒன்றே. களவு ஒரு சமூகத்தின் பிறவிக்குணம். ஆகவே ஒவ்வொருவரையும் பதிவு செய், எண்ணு, நகர்வைத் தடு. சான் கார்லோஸில் ஜெனரல் குரூக்கின் ஏற்பாட்டில், ஆயுதம் ஏந்தும் வயதுள்ள ஒவ்வோர் அப்பாச்சி ஆணும் குழுவின் எழுத்தும் தன் எண்ணும் பொறித்த உலோக வில்லையை அணிந்திருக்க வேண்டியிருந்தது. குறித்த நாளில் வரிசையில் நின்று எண்ணப்பட வேண்டியிருந்தது. 1911க்குப் பின் சென்னை மாகாணத்தில் கைரேகைப் பதிவையும் இரவுநேர ஆஜரையும் எதிர்த்து நின்றவர்கள் மீது 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் துப்பாக்கிகள் பேசின. அந்தச் சட்டத்தைக் காலனியம் என்று தயங்காமல் பெயரிடும் அதே வகுப்பறை, சான் கார்லோஸை மட்டும் ‘எல்லைப்புறப் போரின் முடிவு’ என்று எழுதுவது எந்த நியாயம்?

ஒதுக்கீட்டு நிலத்தின் கதையும் போர்க்கதை அன்று, நிலப்பதிவேட்டின் கதை. 1875இன் குளிர்காலத்தில் வெர்டே பள்ளத்தாக்கிலிருந்து சுமார் 1,400 யாவபாய், அப்பாச்சி மக்கள் மலைகளின் ஊடே சான் கார்லோஸுக்கு நடத்திச் செல்லப்பட்டனர். நூற்றுக்கும் மேற்பட்டோர் வழியிலேயே மறைந்தனர். 1876இல் சிரிகாவாக்களும், 1877இல் விக்டோரியோவின் வெந்நீரூற்று மக்களும் அங்கே கொண்டுவரப்பட்டனர். தன் ஊருக்குத் திரும்பவே விக்டோரியோ ஆயுதம் ஏந்தினார். 1880இல் த்ரெஸ் காஸ்தியோஸில் வீழ்ந்தார். இதற்கிடையில், வெள்ளியும் செம்பும் தென்பட்ட ஓரங்கள் ஒவ்வொன்றாக ஒதுக்கீட்டு நிலத்திலிருந்து அறுத்தெடுக்கப்பட்டன. குளோப் நகரம் அவ்வாறு அறுத்தெடுத்த நிலத்தில் எழுந்தது. படைவீரன் பிடித்த நிலத்தைவிட எழுத்தர் பிடித்த நிலம் அதிகம்.

முடிவு ஆண்டும் தொடக்க ஆண்டைப் போலவே ஏமாற்றுகிறது. 1886இல் முப்பத்துச் சொச்சம் பேரை, அதுவும் பெண்களும் குழந்தைகளும் அடங்கிய குழுவை, சுமார் 5,000 அமெரிக்கப் படைவீரர்கள் துரத்தினர். ஜெரோனிமோவின் மறைவிடத்துக்கு இராணுவத்தை அழைத்துச் சென்றவர்கள் மார்ட்டின், கயிட்டா என்ற இரு அப்பாச்சி வேவு வீரர்கள். செப்டம்பர் 4 அன்று சரணடைதல். அதன்பின் ஏறத்தாழ 500 சிரிகாவாக்கள் புளோரிடாவுக்கு இரயிலேற்றப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் அந்த ஆண்டு போரிடவே இல்லை. ஒதுக்கீட்டு நிலத்தில் அமைதியாகப் பயிர் செய்துகொண்டிருந்தவர்கள். இராணுவத்துக்கு உழைத்த வேவு வீரர்களும், மார்ட்டினும் கயிட்டாவும்கூட, அதே கைதிகளின் வரிசையில் சேர்க்கப்பட்டனர். புளோரிடா, அலபாமா, ஓக்லஹோமா என்று 27 ஆண்டுகள் அவர்கள் போர்க்கைதிகள். பிள்ளைகள் பென்சில்வேனியாவின் கார்லைல் பள்ளிக்கு அனுப்பப்பட்டு, அங்கே காசநோய்க்குப் பலியாயினர். ஜெரோனிமோ 1905இல் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட்டின் பதவியேற்பு ஊர்வலத்தில் காட்சிப்பொருளாக வந்தார்; சொந்த மண்ணுக்குத் திரும்ப அனுமதி கேட்டார்; மறுக்கப்பட்டது. 1909இல் கைதியாகவே இறந்தார். கைதிக்காலம் 1913இல்தான் முடிந்தது. அப்படியிருக்க 1886இல் எது முடிந்தது? குடியேறிகளின் அச்சம் முடிந்தது. அதைத்தான் வரலாற்றின் முடிவு என்று பாடநூல் எழுதுகிறது.

இதே காலத்தில், 1893 ஜூலையில், சிகாகோவில் ஃபிரெடெரிக் ஜாக்சன் டர்னர் தம் எல்லைப்புறக் கோட்பாட்டை வாசித்தார். எல்லைப்புறம் மூடிவிட்டது, அமெரிக்க ஜனநாயகத்தை வார்த்தெடுத்தது அந்த எல்லைப்புறமே என்பது சாரம். அந்த நாளில் சிரிகாவாக்கள் அலபாமாவின் ஒரு படைமுகாமில் அடைபட்டிருந்தனர். விக்டோரியோவின் சகோதரி லோசன், தன் மக்களுக்காக வில்லும் துப்பாக்கியும் ஏந்திய பெண், அந்த முகாமிலேயே உயிர்விட்டிருந்தார். டர்னரைக் கற்பிக்கும் ஆசிரியர் அந்த முகாமையும் அதே வகுப்பில் கற்பிக்க வேண்டும். இரண்டும் ஒரே ஆண்டு, ஒரே குடியரசு.

வெறுப்பு ஓய்ந்தபின் வியப்பு வந்தது, அதுவும் நீதியன்று. பரம்பரைத் தலைமை கோச்சீஸின் மகன் நாய்ச்சேயிடம் இருக்க, பத்திரிகைகள் ஜெரோனிமோவைத் ‘தலைவன்’ ஆக்கின. ‘மெக்கன்னாஸ் கோல்ட்’ திரைப்படம் இந்தியத் திரையரங்குகளில் கொண்டாடப்பட்டது. அதில் அப்பாச்சி என்பவர் தங்கத்துக்குக் காவல் நிற்கும் ஆவி. சிவகாசியிலிருந்து வரும் லயன், முத்து காமிக்ஸ் வழியாகத் தலைமுறைகள் டெக்ஸ் வில்லரையும் கேப்டன் டைகரையும் படித்து வளர்ந்தன. அந்த டைகரின் பிரெஞ்சு மூலத்தின் முதற்கதை பாஸ்கம் விவகாரத்தின் நிழலில் எழுந்தது என்பதை அறிந்த வாசகர் எத்தனை பேர்? ஓசூரில் ஒரு மோட்டார் சைக்கிளுக்கு அந்தப் பெயர். 2019இல் பதான்கோட்டில் இந்திய விமானப்படையில் சேர்ந்த தாக்குதல் ஹெலிகாப்டருக்கும் அதே பெயர். 2011இல் ஒசாமா பின் லாடனைக் கொன்ற நடவடிக்கையில் ‘ஜெரோனிமோ’ என்பது சங்கேதச் சொல்; ஃபோர்ட் சில் அப்பாச்சிகளின் தலைவர் மன்னிப்புக் கேட்குமாறு எழுதினார். வேகம், சீற்றம், ஆபத்து ஆகியவற்றின் பெயராக ஒரு மக்களை மாற்றிவிட்டால், அவர்கள் புல் அறுத்துக் கூலி வாங்கியவர்கள், பிள்ளையைத் தேடிவந்த மூதாட்டிகள் என்பது மறந்துபோகிறது.

இவையெல்லாம் பழங்கதை என்று ஒதுக்குபவர்கள் ஓக் ஃபிளாட்டைப் பார்க்கட்டும். சான் கார்லோஸ் அப்பாச்சிகள் தொழும் அந்த மேட்டுநிலம் 1955 முதல் சுரங்கத் தொழிலிலிருந்து பாதுகாக்கப்பட்டிருந்தது. 2014 டிசம்பரில் ஒரு பாதுகாப்பு நிதிச் சட்டத்துக்குள் செருகப்பட்ட பிரிவு, சுமார் 2,400 ஏக்கரை ரியோ டின்டோ, பி.எச்.பி. நிறுவனங்களின் கூட்டுச் செம்புச் சுரங்கத்துக்கு மாற்ற வழிசெய்தது. சுரங்கம் தோண்டினால் ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் அகலத்துக்கு நிலம் உள்வாங்கும். வழிபாட்டுரிமையைச் சொல்லித் தொடுத்த வழக்கு 2024இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் 6க்கு 5 என்ற கணக்கில் தோற்றது. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் அதை விசாரணைக்கு ஏற்க மறுத்தது. துப்பாக்கி ஏந்தியவர் எவருமில்லை. நிலம் மட்டும் அதே திசையில் கைமாறுகிறது.

ஆகவே கோரிக்கைகள் எளியவை. பாடத்திட்டத்தில் ‘அப்பாச்சிப் போர்கள்’ என்ற தலைப்பை நீக்கிவிட்டு ‘அப்பாச்சி நிலப்பறிப்பு’ என்று எழுத வேண்டும். போர்கள் அதன் ஓர் உட்பிரிவாக இருக்கட்டும். காலவரையறை 1861–1886 என்பதற்குப் பதிலாக, பின்னால் 1786 வரையிலும் முன்னால் இன்று வரையிலும் நீள வேண்டும். டர்னருக்குப் பக்கத்தில், த்ரெஸ் காஸ்தியோஸில் தப்பிய சிறுவன் ஜேம்ஸ் கேவேக்லா முதுமையில் ஈவ் பால் என்ற பதிவாளரிடம் சொல்லிச் சென்ற நினைவுகள் வைக்கப்பட வேண்டும். தேர்வுத்தாளில் ‘அப்பாச்சிகள் ஏன் தோற்றனர்?’ என்ற கேள்வி இனி வேண்டாம். பவுண்டுக்கு ஒரு சென்ட் வீதம் புல் விற்ற பெண்களைக் கொல்வதால் யாருக்கு என்ன மிச்சமாயிற்று என்று கேட்கப்பட வேண்டும். அதற்கு விடை எழுதத் தெரிந்த மாணவருக்குத் தம் சொந்த நாட்டின் காடுகளையும் சுரங்கங்களையும் படிக்கத் தனிப் பாடம் தேவைப்படாது.